கேமராவுக்கு முன் கதவு

வீட்டுப் பாதுகாப்புக் கருவிகளை நாமே பொருத்திக்கொள்ளலாமா? தாராளமாக. ஆனால் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் வாங்குவது கேமராவைத்தான். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், வருபவனைத் தடுக்காது. தடுப்பது கதவும் தாழ்ப்பாளும். கொல்லைப்புறத் தாழ்ப்பாள் அரை அங்குலத் திருகாணியில் ஆடிக்கொண்டிருக்கிறதா? முதல் செலவு அதற்கு. மொட்டை மாடிக் கதவையும் மறக்க வேண்டாம்.

அடுத்து வாங்க வேண்டியது கதவு சென்சார். விலை குறைவு, பேட்டரியில் ஓடும், வயரிங் வேண்டாம். கதவில் ஒட்டும் துண்டு வெறும் காந்தம். நிலையில் ஒட்டும் துண்டுக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குழாய், அதில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகில் இருக்கும்வரை தகடுகள் சேர்ந்திருக்கும். கதவு திறந்தால் பிரியும், சைரன் அலறும். இவ்வளவுதான் சூட்சுமம். அதனால் இரு துண்டுகளும் நெருக்கமாக, நேருக்கு நேர் இருக்க வேண்டும். இரும்புக் கதவு காந்தத்தின் வலுவைக் குறைத்துவிடும். இடையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டுங்கள். மரக்கதவு மழைக்காலத்தில் உப்பும் என்பதால் ஐப்பசியில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் கொஞ்சம் சிக்கலானது. அது பார்ப்பது உருவத்தை அல்ல, உடல் வெப்பத்தின் அசைவை. நேராக அதை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை எளிதில் கண்டுபிடிக்கும். ஆகவே ஆள் குறுக்கே கடக்கும்படியான மூலையில் வையுங்கள்; வெயில் விழும் ஜன்னலைப் பார்த்து வேண்டாம். கத்தரி வெயிலில் சுவரும் உடலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் அதன் கூர்மை குறையும். நள்ளிரவில் காரணமில்லாமல் அலறினால் அதன் முகப்பில் பல்லி ஊர்கிறதா என்று பாருங்கள். நம்மூரில் அதுவும் நடக்கும்.

இத்தனைக்கும் பிறகு கேமரா. மலிவான பல மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை; கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. இன்னொன்று, கேமரா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது.

கரண்ட் போனால் ரவுட்டரும் அணையும். அதோடு போனுக்கு வரும் எச்சரிக்கையும் நிற்கும். ரவுட்டரையும் கேமராவையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். இது தெரியாத வேலையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. பிறகு மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள்.

சைரன் கேட்டால் யாராவது வர வேண்டும் அல்லவா? வெளியூர் போகும்முன் பக்கத்து வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.