ஏக்கரில் விற்றுச் சென்டில் வாங்குவது

கோயமுத்தூரிலிருந்து எந்தச் சாலையில் புறப்பட்டாலும், அது சத்தியமங்கலம் சாலையாயினும், தடாகம் சாலையாயினும், பேரூர் வழியாகச் செல்லும் சிறுவாணிச் சாலையாயினும், நகரம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணும் இடத்தில் மனைக் கற்கள் தொடங்கிவிடுகின்றன. சோளத்தட்டு நின்ற காட்டில் தார்ச்சாலை போடப்பட்டிருக்கிறது. முகப்பில் ஒரு வளைவு. வளைவின்மேல் ஒரு 'நகர்' அல்லது ஒரு 'கார்டன்'. தோட்டத்தை அழித்த இடத்துக்குத் தோட்டம் என்றே ஆங்கிலத்தில் பெயர் சூட்டுவது இக்காலத்து வேடிக்கைகளுள் ஒன்று.

மனை விலை, வீட்டு விலை என்பதெல்லாம் பணம் படைத்தோர் பேசும் பேச்சு, நெசவாளருக்கும் குடியானவருக்கும் அதில் என்ன அலுவல் என்று நம் அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். அச்சந்தையினால் முதலில் அசைக்கப்படுகிறவர் நாமே என்பது நம் கருத்து. குடியானவரின் நிலம் அதில் சரக்கு. நெசவாளர் கொடுக்கும் வாடகையோ அந்தச் சரக்கின் விலையைத் தொடர்ந்து செல்லும் நிழல். ஒருவர் விற்கிறார், மற்றவர் இடம் பெயர்கிறார். இருவரும் ஒரே காரணத்தால் அலைக்கழிக்கப்படுவதை இருவருமே உணர்வதில்லை.

நகரம் வளர்ந்ததில் நமக்குக் குறையொன்றுமில்லை. 1888-இல் முதல் நூற்பாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. வார்ப்படச் சாலைகளும் பம்பு செட்டுத் தொழிலும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அவற்றைத் தொடர்ந்தன. 2010-இல் விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 2011-இல், மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், வடவள்ளி ஆகிய பேரூராட்சிகளும், குறிச்சி, குனியமுத்தூர் நகராட்சிகளும் மாநகருக்குள் வந்தன. வேலை தேடி வருவோர்க்குக் குடியிருக்க இடம் வேண்டும். அதற்கு நிலம் வேண்டும் என்பதை மறுப்பார் யார்?

ஆனால் இன்று மனைக்கு விலை வைப்பது குடியிருக்க வருவோரின் தேவை மட்டும் அன்று. நாளைக்கு இதைவிட அதிகம் போகும் என்ற எண்ணமே பெரும் பங்கு விலையை வைக்கிறது. ஏற்றுமதியில் சேர்ந்த பணம், வெளிநாட்டில் சம்பாதித்த பணம், கணக்கில் வந்ததும் வராததுமான பணம் எல்லாம் மண்ணில் வந்து தங்குகின்றன. நகைப் பெட்டியில் பூட்டி வைப்பதுபோல் மனையை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். எந்தப் புதிய மனைப்பிரிவுக்குள் நுழைந்து பார்த்தாலும், வீடுகள் ஐந்தாறு நிற்க, மற்ற இடமெல்லாம் பார்த்தீனியம் மண்டிக் கிடப்பதைக் காணலாம். வீடும் இல்லை, வெள்ளாமையும் இல்லை.

சர்க்கார் இதைக் கவனியாமல் இருந்துவிடவில்லை. 2017-இல் வழிகாட்டி மதிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023-இல் மதிப்பு மீண்டும் உயர்த்தப்பட்டுக் கட்டணம் 2 சதவீதமாயிற்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தால் மொத்தம் 9 சதவீதம். இவற்றால் பத்திரத்தில் எழுதப்படும் தொகை ஏறி இறங்கலாம். கைமாறும் தொகை அவற்றைக் கேட்டு நடப்பதில்லை. நகரத்துக்கான முழுமைத் திட்டமோ 1994-இல் வந்தது. அதற்கு அடுத்த திட்டத்தின் வரைவு வெளியானது 2024-இல். இடையில் கழிந்த முப்பது ஆண்டுகளில் எந்தக் காடு காடாக இருக்க வேண்டும், எது குடியிருப்பாகலாம் என்பதை, வாங்க வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டார் என்பதே பெரும்பாலும் முடிவு செய்தது.

இனிக் குடியானவரின் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் இரண்டு கோடி ரூபாய்க்குப் போகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நூறு சென்ட் ஓர் ஏக்கர். ஆகவே சென்ட் இரண்டு லட்சம். சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக மனையாக நிற்பது ஏறக்குறைய அறுபது சென்ட். அதைச் சென்ட் ஐந்து லட்சத்துக்கு விற்றால் மூன்று கோடி. சாலை, சாக்கடை, மின்கம்பம், அனுமதி, தரகு ஆகிய செலவு போக எஞ்சுவது மனை போட்டவருடைய லாபம். அவர் முதல் போட்டிருக்கிறார், அலைந்திருக்கிறார். லாபம் எடுப்பதை நாம் குறை கூறவில்லை. நாம் காட்ட விரும்புவது வேறொன்று. விற்ற குடியானவரின் மகன் தனியே வீடு கட்ட அதே இடத்தில் ஐந்து சென்ட் வாங்கப் போனால் இருபத்தைந்து லட்சம் ஆகும். தந்தை பன்னிரண்டரை சென்ட் விற்ற பணம் அதற்குச் சரியாகிவிடும். பத்திரச் செலவு இரண்டேகால் லட்சம் தனி.

பணக் கணக்கில் வராத நஷ்டமும் உண்டு. பங்குக் கிணற்றில் முறை வைத்து நீர் இறைத்து வந்த நால்வரில் நடுக்காட்டுக்காரர் விற்றுவிட்டால், மற்ற மூவர் கதி என்ன? வாய்க்கால் மறிக்கப்படுகிறது, இட்டேரி சுவருக்குள் போகிறது, வண்டித்தடம் இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். மனைப்பிரிவின் ஆழ்துளைக் கிணறு இறங்கிய ஆண்டிலிருந்து தென்னைக்கு நீர் எட்டாது போகிறது. பிறகு அம்மூவரும் விற்கிறார்கள், அதுவும் கேட்ட விலைக்கு. தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் வாழையும் சின்ன வெங்காயமும் பயிரிடும் நம் அங்கத்தினருக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. முதலில் விற்பவர் தம் நிலத்தை மட்டும் விற்பதில்லை என்பதை அவர்களே நன்கு அறிவார்கள்.

நெசவாளரின் நிலை இதைவிடக் கடினம். மற்றவருக்கு வீடு தங்குமிடம். நெசவாளருக்கு அதுவே தொழிற்சாலை. குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும். இரண்டாம் மாடியில் குழி தோண்ட முடியாது. கீழ்த்தளமே கிடைத்தாலும் பளிங்குக் கல் பதித்த தரையைத் தோண்ட எந்த வீட்டுக்காரர் இசைவார்? தறிச் சத்தம் ஆகாது என்பார். பாவு நீட்ட நீண்ட வெளி வேண்டும். அதற்கென்றே நம் ஊர்களில் பாவடி என்று பொது நிலம் விட்டிருந்தார்கள். பாவடிகள் பல இன்று வண்டி நிறுத்தும் இடங்களாகிவிட்டன. நல்ல குடியிருப்பு என்று விளம்பரம் செய்யப்படும் அடுக்குமாடி வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது. தறிக்கு மூன்று கஜம் இடம் இல்லை. ஆகவே வாடகை உயர்ந்து வீடு மாறும் நெசவாளர் வீட்டை மட்டும் மாற்றுவதில்லை. தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டுக் காவலாளி வேலைக்கோ கடை வேலைக்கோ போகிறார். தொழிலை விட்டவர்களுக்குக் கூலிக் குறைவு ஒன்றையே காரணமாகச் சொல்வது வழக்கம். வீட்டையும் அதனோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. ஒரு சிறு வீட்டுக்கு 20 லட்ச ரூபாய் கடன், வட்டி 9 சதவீதம், இருபது ஆண்டுத் தவணை என்றால், மாதம் கட்ட வேண்டியது ஏறக்குறைய 18,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போகும். இருபது ஆண்டில் கட்டி முடிப்பது 43 லட்சத்துக்கும் மேல். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொந்த வீடு வாங்கச் சுலபத் தவணை என்று சுவரெழுத்தில் எழுதுவது யாருக்காக என்பது விளங்கும்.

வாங்க முடியாதவர் வாடகைக்கோ போக்கியத்துக்கோ இருக்கிறார். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், உடன்பாடு வேறாக இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. உடன்பாடு வேறாக இருக்கும்படி எழுதி வாங்கிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பத்து மாத முன்பணம் கேட்பது இன்னும் நின்றபாடில்லை.

வேறு சிலர் மலிவைக் கண்டு, ஊராட்சியின் முத்திரை மட்டும் உள்ள மனையை மாதத் தவணையில் வாங்கினார்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று அதற்குப் பெயர். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோது அவர்கள் திகைத்து நின்றார்கள். 2017-இல் வந்த வரன்முறை விதிகள் வழி திறந்தன. கட்டணமும் அலைச்சலும் வாங்கினவர் தலையிலேயே விழுந்தன. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண்ணைப் பாராமல் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்கலாகாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையப் பதிவையும் கேட்க வேண்டும். இதை நாம் எத்தனை முறை எழுதினாலும் தகும்.

சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? வீட்டு வசதிக் கூட்டுறவு நமக்குப் புதிது அன்று. பெங்களூரில் 1909-லேயே அத்தகைய சங்கம் அமைந்தது. நம் பகுதியிலும் நெசவாளர் காலனிகள் கூட்டுறவு முறையில் எழுந்தன. அவற்றுள் சில இன்றும் தறிச் சத்தத்தோடு இருக்கின்றன. சிலவற்றில் பெயர்ப் பலகை மட்டும் நெசவாளர் காலனி என்று நிற்க, உள்ளே தறி ஒன்றும் இல்லை. காரணம் எளியது. சங்கம் நிலத்தை வாங்கிப் பிரித்து, அங்கத்தினருக்கு முழுக் கிரயமாக எழுதிக் கொடுத்துவிட்டது. முதல் தலைமுறைக்கு வீடு கிடைத்தது. அடுத்த தலைமுறை சந்தை விலைக்கு வெளியாருக்கு விற்றது. அதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. கடன்பட்டவர் விற்கத்தான் செய்வார். ஆனால் குறைந்த விலையில் சங்கம் தேடிக் கொடுத்த நிலம் ஒருமுறை கைமாறியதோடு சங்கத்தின் உழைப்பு முழுவதும் சந்தைக்குப் போய்விட்டது.

ஆதலால் இனி அமைக்கும் குடியிருப்புகளில் நிலம் சங்கத்தின் பெயரிலேயே நிற்க வேண்டும்; வீடும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் உரிமையும் அங்கத்தினருக்கு. அவ்வாறு இயலாவிடில், விற்க நேர்ந்தால் முதலில் சங்கத்துக்கே விற்க வேண்டும் என்றும், விலையைக் கணக்கிடும் முறை இன்னது என்றும் துணைவிதியில் எழுதிவிட வேண்டும். இது சட்டத்துக்கு நிற்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். ஆமதாபாத்தில் பார்சிகள் அமைத்த வீட்டு வசதிச் சங்கம் ஒன்று, வெளியாருக்கு விற்கலாகாது என்ற துணைவிதியை வைத்திருந்தது. அது அங்கத்தினரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. மதத்தால் வேலி போடுவது நமக்கு உவப்பானது அன்று. தொழிலைக் காக்கும் பொருட்டு வேலி போடுவதை அதனோடு ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

நிலம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. விடை நம் பத்திரிகையின் மறுபாதி வாசகரிடம் இருக்கிறது. விற்கத் தீர்மானித்துவிட்ட குடியானவர் நான்கைந்து பேர் தனித்தனியே தரகரிடம் போகாமல் ஒன்றாகச் சங்கத்திடம் வந்தால், பங்குக் கிணறும் தடமும் கெடாதபடி ஓர் ஓரமாக நிலத்தை ஒதுக்கலாம். கிரயத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகவும், ஒரு பகுதியை அங்கேயே மனையாகவும் அவர்கள் பெறலாம். ஐந்து சென்டுக்குப் பன்னிரண்டரை சென்ட் கொடுக்கும் கொடுமை அவ்வளவில் நீங்கும். முழுச் சந்தை விலை ரொக்கமாகக் கிடைக்குமா என்றால் கிடைக்காது. மகளுக்குத் திருமணம் வைத்திருப்பவரிடம் பொறுத்திருங்கள் என்று சொல்ல நமக்கும் நா எழவில்லை. முதலுக்கு எங்கே போவது என்பதும் பெரிய கேள்வியே. வட்டியைச் சுமக்கக்கூடிய சங்கங்கள் நம்மிடையே சிலவே.

ஆயினும் பேச்சைத் தொடங்குவதற்கு முன் தெரிய வேண்டியவை இரண்டு உண்டு. நெசவாளர் சங்கத்தில் வாடகை வீட்டில் ஓடும் தறிகள் எத்தனை என்பது ஒன்று. விவசாயிகள் சங்கத்தில் கிரய ஒப்பந்தம் எழுதி முன்பணம் வாங்கிவிட்ட அங்கத்தினர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. காரியதரிசிகள் அடுத்த பொதுப் பேரவைக்கு முன்னால் இவ்விரண்டையும் வீடு வீடாகக் கேட்டு எழுதி அனுப்பினால், வந்தவற்றை ஊர்வாரியாக இவ்விதழில் வெளியிடுவோம்.