பிணை கேட்கும் வாசிகசாலை

பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. சீருடைகள் கொடியில் தொங்குகின்றன. பாடப்புத்தகங்கள் மூலையில் அடுக்கப்பட்டுவிட்டன. பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இனி என்ன செய்யப் போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு நம்மிடையேயுள்ள பெரிய மனிதர்கள் ஆயத்தமாக ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள்: "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே வாசிக்கிறார்கள்? கைத்தொலைபேசியே கதியென்று கிடக்கிறார்கள்!" இதைச் சொல்லிவிட்டுத் தம் கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பதில் பொய். பிள்ளைகள் வாசிகசாலையை விட்டு ஓடவில்லை. வாசிகசாலைதான் அவர்களைத் துரத்துகிறது. எப்படித் துரத்துகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் வசிப்பது நாவுல நகரில். மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிற்றூர் இது. விடுமுறை நாளொன்றில் இவ்வூர்ச் சந்தியில் நின்று பாருங்கள். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கப் புறப்பட்ட பையன் நிற்பான். கொழும்பில் யாரோ ஒருவரின் வீட்டுக்கோ கடைக்கோ அனுப்பப்படும் பெண் துணிப்பையுடன் நிற்பாள். தனியார் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒருபுறம். அதற்குப் பணமின்றிச் சும்மா நிற்கும் பிள்ளை மறுபுறம். நால்வருக்கும் விடுமுறைதான். ஆனால் ஓய்வு யாருக்கு?

இந்த வீதி வெறும் தார்வீதியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது, தமிழகத்தின் வறண்ட சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய ஆயிரமாயிரம் ஏழைகள் காட்டுவழியே தம்புள்ளை, நாவுல, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் பேதியிலும் வழியோரத்தில் மாண்டவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அதே காலத்தில், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் சிங்களக் குடியானவனின் காட்டையும் சேனையையும் அரசின் சொத்தாக்கிற்று. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு அந்த ஆண்டின் புதிய வரிகளோடு இந்தக் காணி இழப்பும் காரணமாயிற்று. நிலத்தை இழந்தவனும், அந்த நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவனும் ஒரே கொள்ளையின் இரு பலியாடுகள். அவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று ஒரே சந்தியில், ஒரே பஸ்ஸுக்காக, ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் நிற்கிறார்கள்.

இனி வாசிகசாலைக்கு வருவோம். சென்ற ஆண்டு விடுமுறையில் என் மாணவி ஒருத்தி, தோட்டத்துப் பிள்ளை, பதினைந்து வயது, இம்மாவட்டத்துப் பொது நூலகம் ஒன்றில் அங்கத்தவராகச் சேரப் போனாள். படிவம் கொடுத்தார்கள். அதில் 'பிணையாளி' என்றொரு பகுதி. பிணை நிற்பவர் அவ்வட்டாரத்தில் சோலைவரி செலுத்துபவராக இருக்கவேண்டுமாம். பிள்ளை படிவத்தை மடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். "சேர், எங்க லயத்துல யாரும் வரி கட்டுறதில்லையே" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. அதுவே என்னைச் சுட்டது.

வரி கட்டுவதில்லை, உண்மைதான். வீடே அவர்களுடையதல்லவே! லயக்காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். ஐந்து தலைமுறை உழைத்தும் ஒரு சுவர்கூடச் சொந்தமாகாதவனிடம், சொத்துள்ளவன் ஒருவனை அழைத்து வா, அப்போதுதான் கதைப்புத்தகம் தருவோம் என்கிறது படிவம். அந்த நூலகரை நான் குறை கூறவில்லை. அவர் விதியைக் காட்டினார். குற்றம் விதியினுடையது. சொத்துள்ளவனே யோக்கியன் என்று நினைக்கும் வர்க்கத்தின் கையெழுத்து அதிலே இருக்கிறது.

இது தனியொரு படிவத்தின் கதையுமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டம் தனியார் இடமென்ற கணக்கில், சபையின் நிதி லயங்களுக்குப் போகாதபடி தடுத்தது. 2018ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வாக்குச் சீட்டுக்கு உரியவனாய் இருந்த தொழிலாளி வாசிகசாலைக்கு உரியவனாய் இருக்கவில்லை. சட்டம் திருந்திவிட்டது, படிவங்கள் திருந்தினவா?

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். நம் நாட்டில் அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பதாகை கட்டுவார்கள், விளக்கேற்றுவார்கள், கல்வியின் பெருமையைக் குறள் சொல்லிப் பேசுவார்கள், பேச்சுப் போட்டியில் முதல் மூவருக்குச் சான்றிதழ் கொடுப்பார்கள். நல்லது. ஆனால் அக்டோபரில் பிள்ளைகள் வகுப்பறையில் அல்லவா இருக்கிறார்கள்! வழக்கமான விடுமுறைகள் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் அல்லவா வருகின்றன! அந்த மாதங்களில் பதாகையுமில்லை, பேச்சுமில்லை. வயிறு நிறைந்த வேளையில் பந்தி விரித்துவிட்டுப் பசித்த வேளையில் அடுப்பை அணைப்பதற்குப் பெயர் விருந்தோம்பலா?

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளையின் நிலை இதனினும் கொடிது. பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை உயர்தரத்துக்கு முன்கூட்டியே வகுப்புக்குப் போகிறது. ஆங்கிலமும் கணினியும் கற்கிறது. ஏழைப் பிள்ளை வேலைக்குப் போகிறது. கையில் முதற் சம்பளம் வந்தபின், பெறுபேறு நன்றாயிருந்தாலும், திரும்பி வருபவர் சிலரே. கன்னங்கரா காலத்தில், 1945இல், நாம் வென்றெடுத்த இலவசக் கல்வி, பரீட்சை மண்டபத்துக்கும் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களிலே களவு போகிறது. அதை யார் தடுப்பது? அந்த நாட்களில் பிள்ளைக்குப் போக்கிடமாகவும், தோழமையாகவும், "நீ இன்னும் மாணவன்தான்" என்று சொல்லும் இடமாகவும் இருக்கக்கூடியது ஊர் வாசிகசாலை ஒன்றே.

"காசில்லை" என்பார்கள். 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலக அறிஞர் ரங்கநாதன் அதைத் தொடக்கி வைத்தார். யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டிலேயே நூல்களைத் திரட்டி இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு 844 நூல்களோடு ஒரு வாடகை அறையில் பொது நூலகம் பிறந்தது. அது வளர்ந்து வளர்ந்து சுமார் 97,000 நூல்களோடு நின்றபோதுதான் 1981இல் தீ வைத்தார்கள். கொடியவர்கள் நூலகத்தின் ஆற்றலை அறிந்திருந்தார்கள். நமக்குத்தான் அது இன்னும் விளங்கவில்லை. மாட்டு வண்டியால் முடிந்தது பிரதேச சபையின் வாகனத்தால் முடியாதா?

"நாவுல சிங்கள ஊர், தமிழ்ப் பிள்ளைகள் சிலர்தானே, அவர்களுக்கு ஏன் ஒரு தட்டு?" என்றும் கேட்பார்கள். பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று என்ற பதில் போதும். ஆனால் நான் சட்டத்தோடு நிற்கவில்லை. சிங்களப் பிள்ளைக்கும் அந்தத் தட்டு வேண்டும். பக்கத்து வீட்டானின் கதையை அறியாமல் வளர்பவனைத்தான் இனவெறியன் எளிதில் பிடித்துக்கொள்கிறான்.

விடுமுறையில் அங்கே என்ன செய்யலாம் என்கிறீர்களா? அன்று நம் முன்னோர் நடந்த வழியைப் பிள்ளைகள் படமாக வரையட்டும். மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக வீடும் வயலும் விட்டுப் பெயர்ந்த முதியோரிடம் போய், மூழ்கிய ஊரின் கதையைக் கேட்டு எழுதட்டும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தாரே, அதுபோல் தம் பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தொகுக்கட்டும். இதற்கு அந்தக் கைத்தொலைபேசியே உதவும். காமன் கூத்தை ஆடட்டும். ஒரு சிங்களச் சிறுகதையும் ஒரு தமிழ்ச் சிறுகதையும் எடுத்து இரு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து பெயர்க்கட்டும். விடுமுறை முடிவில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை சுவரில் தொங்கட்டும். இதற்கெல்லாம் வேண்டியது ஒரு மேசை, சில வாங்குகள், திறந்த கதவு, பக்கத்தில் இருக்க ஒரு மனிதர்.

அந்த மனிதர் யார்? இங்கேதான், ஆசிரிய நண்பர்களே, விரலை நம் பக்கம் திருப்பவேண்டியிருக்கிறது. விடுமுறையில் நாம் எங்கே இருக்கிறோம்? நம்மில் பலர் தனியார் வகுப்பில், பணம் கட்டிய பிள்ளைகளின் முன்னால் நிற்கிறோம். நானும் நின்றவன்தான். சம்பளம் போதவில்லை என்பது மெய், அதற்காகப் போராடுவோம். ஆனால் கட்டமுடியாத பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு பிற்பகல்களைக் கொடுக்க முடியாதவர்கள், மேடையிலே சமதர்மம் பேச என்ன தகுதி உடையவர்கள்?

நம் கோரிக்கைகள் மூன்று. பதினெட்டு வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையிடமும் வரி செலுத்துவோரின் பிணை கேட்கக் கூடாது. பாடசாலை அதிபரின் ஒரு வரிக் கடிதம் போதும். விடுமுறை மாதங்களிலும், சாதாரண தரப் பரீட்சைக்குப் பிந்திய மாதங்களிலும் வாசிகசாலை மாலை வரை திறந்திருக்க வேண்டும். இருமொழி நூல்களும் தோட்டங்களுக்கு மாதம் இருமுறையேனும் வாகனத்தில் போகவேண்டும். இவற்றை எழுதிக் கையெழுத்துத் திரட்டி ஒவ்வொரு பிரதேச சபையின் வாசலிலும் வைப்போம். மாணவ நண்பர்களே, அந்தத் தாளைச் சுமந்து வீடு வீடாகப் போவதே உங்கள் இவ்வாண்டின் முதல் விடுமுறைப் பணியாகட்டும்.

என் மாணவி மடித்துக் கொண்டுவந்த படிவம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. பிணையாளியின் பகுதி வெறுமையாகவே கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இந்த நாட்டில் பிணை நிற்க யாருமில்லை என்றால், நாம் எதற்காக இருக்கிறோம்?