தமிழ் பேசியதற்கு ஐந்து ரூபாய்

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, டை கட்டிய சிறுவன் ஒருவன் தாயிடம் ஐந்து ரூபாய் கேட்டு அழுவதைக் கண்டோம். வகுப்பில் தமிழ் பேசிவிட்டானாம். மறுநாள் அபராதம் கட்ட வேண்டுமாம். அவனைத் தேற்றிய தாயின் மலைத் தமிழைக் கேட்டு அருகிலிருந்த சிலர் நகைத்தனர். ஆங்கிலத்தின் முன் கூனிக் குறுகும் நகரத் தமிழ், மலைத் தமிழைக் கண்டால் மட்டும் நிமிர்ந்துகொள்கிறது!

கென்ய நாட்டு நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ (1938–2025) இதே அவமானத்தை எழுதியிருக்கிறார். அவர் படித்த காலனியப் பள்ளியில் கிக்குயு மொழி பேசிப் பிடிபட்ட பிள்ளைக்குப் பிரம்படி கிடைக்கும். அல்லது அவனைக் கழுதை என்று சொல்லும் உலோகத் தகடு கழுத்தில் தொங்கும். பின்னாளில் அவர் ஆட்சியாளரைச் சாடி ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதினார், அரசு பொறுத்துக்கொண்டது. 1977-இல் கமிரீத்து கிராமத்து உழவரும் தொழிலாளரும் நடிக்க, கிக்குயு மொழியில் நாடகம் ஒன்றை உருவாக்கினார்; அவ்வாண்டின் இறுதியிலேயே விசாரணையின்றிச் சிறையிடப்பட்டார். நாடகம் ஏழைகளுக்குப் புரிந்துவிட்டது, அதுவே குற்றம். சிறையில் கழிப்பறைத் தாளில் அவர் கிக்குயு நாவல் எழுதினார்; அது 1980-இல் வெளிவந்தது.

நைஜீரியாவின் சினுவா அச்செபே வேறு வழி சென்றார். ஆங்கிலத்தையே வளைத்து இக்போ மக்களின் வாழ்வைச் சொல்ல வைத்தார். அதையும் நாம் மதிக்கிறோம். ஆயினும் ஆங்கிலத்தை வளைக்க அவருக்குக் கைகொடுத்தவை இக்போ மொழியின் பழமொழிகளே. தாய்மொழிக்கு அபராதம் கட்டி வளரும் பிள்ளை எதைக் கொண்டு வளைப்பான்?

"ஆங்கிலம் சோறு போடுமே" என்பார்கள். போடட்டும், நன்றாகவே கற்பியுங்கள். கற்பிப்பதற்கு அபராதம் எதற்கு? 1578-இல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சிட்ட திருச்சபை நம்முடையது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. பீடத்தில் ஏறிய மொழி, நம்மவர் நடத்தும் பள்ளிகள் சிலவற்றின் வகுப்பறையில் தண்டனைக்குரியதாக நிற்கிறது. குருக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "ஸ்டிரிக்டான பள்ளி" என்று தேடிச் சென்று பணம் கட்டுவோர் பெற்றோராகிய நாமே.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாம் எழுந்து ஒன்று கேட்போம்: தமிழ் பேசிய பிள்ளைகளிடம் வாங்கும் பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது? கேள்வியைத் தமிழிலேயே கேட்போம்.