பழைய தையல் யந்திரமும் நம் கடமையும்

உழைப்புக்கென ஆக்கப்பெற்ற கருவி உழைப்பின்றிக் கிடத்தல் இரங்கத்தக்கது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பழைய இல்லங்களிற் புகுவோர், தாழ்வாரத்தின் ஒரு மூலையில் துணி போர்த்துக் கிடக்கும் கால்மிதித் தையல் மிஷினைக் காண்டல் அரிதன்று. பாட்டியார் காலத்தில் குடும்பத்தைக் காத்த அவ்வியந்திரம், இன்று பழைய இரும்புக் கடையில் எடைக்கு விலையாகின்றது. அன்றேல் கூடத்திற் பூந்தொட்டி தாங்கி நிற்கின்றது. அதனை மீட்டுச் செப்பனிடுதல் மாணாக்கர்க்கேற்ற நல்ல பொழுதுபோக்கு என்பதும், செப்பனிட்டதைத் தைப்பார் கையிற் சேர்த்தாலன்றி அம்முயற்சி நிறைவுறாது என்பதும் எமது துணிபு.

அமெரிக்க நாட்டில் எலியாஸ் ஹோவே 1846-ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851-ஆம் ஆண்டிலும் தத்தம் தையல் யந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றனர். ஸ்காத்லாந்திலுள்ள கிளைட்பாங்க் நகரத்துச் சிங்கர் ஆலை 1980-ஆம் ஆண்டில் மூடப்பெற்றது. அதன் யந்திரங்களோ இன்றும் ஓடுகின்றன. கல்கத்தாவில் ஜே இஞ்சினீரிங் தொழிற்சாலையார் 1930-களில் உஷா யந்திரத்தைச் செய்யத் தொடங்கினர். யந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும், 1924-ஆம் ஆண்டில், சிங்கர் தையல் யந்திரத்தை விலக்காக வைத்துப் பாராட்டினார் என்பது சிந்திக்கத்தக்கது.

இறுகிப்போன மிஷின் பெரும்பாலும் கெட்டதன்று. உறைந்த எண்ணெயே அதனைக் கட்டிவைத்திருக்கும். மண்ணெண்ணெய் சில துளி இட்டு ஒரு நாள் பொறுத்து, பல்லின் அடியிலும் ஷட்டிலிலும் அடைந்த பஞ்சினைத் துடைத்து, மெல்லிய மிஷின் எண்ணெய் இடுதல் வேண்டும். தேங்காய் எண்ணெய் ஆகாது. நாளடைவிற் பிசினாய் இறுகும். பொன்னெழுத்துக்களின்மேற் சாராயச் சத்துப் படலாகாது. அவற்றைக் காக்கும் அரக்குப் பூச்சு கரைந்துவிடும். சிங்கர் 15-ஆம் வகை யந்திரத்திற்குரிய ஊசியும் பாபினும் இன்றும் கடைகளிற் கிடைக்கின்றன. நுனியிற் காதுடைய ஊசி கீழிறங்கி எழும்போது உண்டாகும் நூல்வளையத்தை ஷட்டிலின் மூக்குப் பற்ற, இரு நூல்களும் துணியின் நடுவே பிணைகின்றன. மூக்குச் சிறிது பிந்தினும் தையல் விட்டுப்போம். காலத்தின் அருமையை இதனினும் நன்கு கற்பிக்கும் பாடம் யாதுளது?

மின்சார யந்திரங்கள் மலிந்த நாளில் இஃது எற்றுக்கு என்பாருமுளர். ஆயத்த ஆடை ஆலையோடு கால்மிதி மிஷின் போட்டியிடும் என்று யாம் கூறவில்லை. ஆயினும், 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் கஜா புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருண்டு கிடந்ததை மறத்தல் கூடுமோ? காலால் ஓடுவது கம்பியை நம்பியிராது. வார்ப்பிரும்பு உடைந்தவற்றை மட்டும் கைவிட்டு, அவற்றின் உறுப்புக்களைப் பிறவற்றிற்குப் பயன்படுத்தலாம்.

பழுது பார்த்தல் ஆடவர்க்கே உரியதெனக் கருதுதலும் தவறு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே மிதிவண்டி பயின்று உலகோரை வியப்பித்தவர் இம்மாவட்டத்துப் பெண்களே. ஒரு மிதியை வென்ற மரபினர்க்கு மற்றொரு மிதியின் உட்பொறி அரிதாமோ? மாணவியரும் திருப்புளி ஏந்துக.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவள் தைத்தளித்த ஆடைகளையே காட்டி அழுதனர் எனத் திருமறை கூறும். அவள் ஊசியைப் போற்றினார் ஒருவருமிலர். அவ்வூசி உடுத்திய ஏழைகளே அவளுக்குச் சாட்சியாயினர். ஆதலின் நம் விடுதியில் ஒரு மூலையை இப்பணிக்கு ஒதுக்குவோம். ஆண்டிற்கு ஒரு யந்திரமேனும் உயிர் பெற்று, அதனால் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பு எரியுமாயின், அதுவே நம் கல்விக்கு அழகாம்.