விரல் காட்டிய 98

கொரோனா சமயத்தில் மகன் வாங்கிக் கொடுத்த ஆக்சிமீட்டர் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. காலையில் காபிக்கு முன் விரலில் மாட்டிப் பார்ப்பேன். 98 காட்டும். மாலையில் பெத்தாங் ஆடப் போகும்போது நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

போன வருடம் இடது கால் இரண்டாம் விரலைச் செருப்பு கடித்துப் புண்ணானது. எனக்கு இருபத்திரண்டு வருடச் சர்க்கரை. "ரத்தத்தில் ஆக்சிஜன் 98 இருக்கிறது, ஆறாமல் எங்கே போகும்?" என்று மஞ்சள் பற்றுப் போட்டு ஐந்து வாரம் ஓட்டினேன். கடைசியில் விரலையே எடுத்தார்கள்.

படுக்கையில் கிடந்தபோதுதான் டென்மார்க்கு நாட்டு ஆகஸ்ட் க்ரோக் பற்றிப் படித்தேன். 1920இல் நோபல் பரிசு பெற்றவர். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் தசைக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை 1919இல் கணக்காகப் போட்டுப் பார்த்தார். ஒரு தந்துகியை, அதாவது மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாயை, நடுவில் வைத்து, அதைச் சுற்றி உருளை வடிவில் சதை இருப்பதாக வைத்துக்கொண்டார். பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் கணக்கு முசியே எந்தக் கணக்கையும் "சுவா" என்றுதான் தொடங்குவார். 'இருக்கட்டும்' என்று பொருள். அதே பாணிதான்.

சமன்பாட்டை எழுதிக் கொடுத்தவர் எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணித மேதை. டிரங்க் கால் போட்டுவிட்டு நாம் காத்துக் கிடந்தோமே, அந்த மாதிரி நெரிசலைக் கணக்கிட்டவர். அவர் பெயரே இன்று டெலிபோன் நெரிசலின் அளவையாக இருக்கிறது.

அந்தக் கணக்கு சொல்வது இதுதான். தந்துகிக்கு வெளியே ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போக ஆள் கிடையாது. சதைக்குள் அது தானாகக் கசிந்துதான் போக வேண்டும். வழியிலுள்ள செல்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். போக வேண்டிய தூரம் இரட்டிப்பானால் தேவைப்படும் அழுத்தம் நான்கு மடங்குக்கும் மேல் ஏறும். ரத்தம் வந்து சேரும் முனையை விட அது வெளியேறும் முனையில், உருளையின் வெளி விளிம்பில், பற்றாக்குறை அதிகம். அதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயரே 'சாவு மூலை'. நிஜத்தில் தந்துகிகள் இப்படி நேர்கோட்டில் ஓடுவதில்லை. வளைந்து கிளைவிட்டு ஓடுகின்றன. பின்னால் வந்தவர்கள் கணினி வைத்துத் திருத்தினார்கள். ஆனால் கடைசி அடிதான் கடினம் என்பது மாறவில்லை.

ஓய்வூதியப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் எனக்கு இது புரியாமலா போகும்? கருவூலத்தில் பணம் நிறைய இருக்கும், உத்தரவும் ஆகியிருக்கும். பட்டுவாடா ஆகாமல் கிழவி வாசலில் நிற்பாள். ஆக்சிமீட்டர் காட்டுவது கருவூல இருப்பு. கைவிரலுக்கு வந்த ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது மட்டும். சர்க்கரையால் காலுக்குப் போகும் குழாய் அடைத்திருந்தால் அதற்கு அது எப்படித் தெரியும்?

நான் வழக்கமாகப் போன மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் கைவிரலில் கிளிப் மாட்டினார்கள். ஒரு தடவைகூடப் பாதத்தில் நாடி தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை அது. சர்க்கரைக்காரர்களின் பரிசோதனைச் சீட்டில் கால் நாடி, கணுக்கால் பிரஷர் இரண்டுக்கும் கட்டம் போட்டு, அதை நிரப்பாமல் சீட்டைக் கையில் கொடுக்கக் கூடாது என்பேன். பழைய குமாஸ்தா புத்தி, கட்டம் இருந்தால்தான் வேலை நடக்கும்.

நேற்று மைதானத்தில் ஒரு நண்பர், "எனக்கு 99" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னேன்.