அணிகலனும் அகமலமும்

சமயங்கள் யாவும் தத்தமக்குரிய புறக்கோலம் உடையனவே. சைவர்க்குத் திருநீறும் கண்டிகையும் போலப் பெந்தகொஸ்தே கிறித்தவருள் ஒருசாரார்க்கு வெள்ளுடையும் நகையின்மையும் அடையாளமாயின. கோலம் வேண்டுமோ வேண்டாவோ என்று வழக்கிட யாம் புகுந்திலேம். உள்ளத்துணிவால் ஒருவர் தாமே மேற்கொள்ளும் கோலமும், பிறர் வலிந்து சுமத்தும் கோலமும் ஒன்றாகுமோ என்பதே ஈண்டு வினா. ஆகா என்பது எமது துணிபு.

இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது காண்பாம். ஜான் வெஸ்லி என்பார் 1743இல் தம் சங்கத்தார்க்கு வகுத்த பொதுவிதிகளிலேயே பொன்னணிதல் விலக்கப்பட்டது. அவ்வழிவந்த பரிசுத்த இயக்கத்தினின்று கிளைத்து, 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசுசா தெருவில் நிகழ்ந்த எழுப்புதலால் உலகெங்கும் பரவியது பெந்தகொஸ்தே இயக்கம். 1920களில் இலங்கையிலே பாஸ்டர் பால் முதலியோர் நிறுவிய சிலோன் பெந்தகொஸ்தே மிஷன் தன் ஊழியர்க்கு வெள்ளுடையும் மணமின்மையும் விதித்தது. நகையொழிப்பை இல்லறத்தார்க்கும் உரியதாக்கியது. இன்று அதன் தலைமையிடம் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர். கேரளத்துப் பெந்தகொஸ்தே சபைகள் பலவற்றிலும் நகை களைந்தாலன்றி ஞானஸ்நானம் இல்லை என்னும் வழக்கம் வேரூன்றிற்று. நகையைத் தடுக்காத சபைகளும் தமிழ்நாட்டில் உள. ஆகலின் எல்லாரையும் ஒருகோலால் அளத்தல் நீதியன்று. தடுப்பாரை நோக்கியதே இவ்வுரை.

கம்பம் பள்ளத்தாக்கினின்று குமுளி, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் ஏழைப் பெண்டிரை எண்ணிப் பாருங்கள். அவர் காதிற் கிடக்கும் சிறுதோடே அவர்தம் சேமநிதி. வேலையற்ற காலத்து அடகுக்கடைக்குச் செல்வதும் அதுவே. வெறுங்கழுத்தோ நம் ஊர்களிலே கைம்மைக்குறியாகக் கருதப்படுவது. இத்தகையாள் ஒருத்தி தானே தெளிந்து தன் அணியைக் களைவாளாயின் அஃது அவளது துறவு. அதனை யாம் வணங்குவேம். களையாவிடின் ஞானஸ்நானம் இல்லை என்று அச்சுறுத்திக் களைவித்தால், களைந்தது அவள் கையேயன்றி உள்ளமன்று.

அற்றன்று, எம் வேதமே விலக்கிற்று எனின், கூறுதும். பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்திலே பொன்னணியோடு கூந்தற்பின்னலும் உடன் கூறப்பட்டுள்ளது. பின்னிய கூந்தலாரை உள்ளே விடுவார், பொற்றோடு அணிந்தாரை மட்டும் தடுப்பது எந்நியாயம் பற்றி? அகத்தழகே சிறந்தது என்பதன்றோ அவ்விடத்துக் கருத்து? லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கதையிலே, கெட்டலைந்து மீண்ட மைந்தனுக்குத் தந்தை முதலில் அளிப்பனவற்றுள் ஒன்று மோதிரம். ரோமர் 14ஆம் அதிகாரமோ, உணவு நாள் என்பன பற்றிய வேறுபாடுகளில் அவரவர் தம் மனத்தில் நிச்சயங்கொள்ள வேண்டும் என்கிறது. தம் நூலே தந்த உரிமையைத் தம்மவர்க்கே மறுத்தல் தகுமோ?

நம் திருநீற்றை வெறும் புறவேடம் என்று எள்ளிய பாதிரிமார்க்கு, அவர் வேதத்தைக் கொண்டே 1854இல் சைவதூஷண பரிகாரத்தால் விடையிறுத்தார் ஆறுமுக நாவலர். புறக்கிரியை பயனற்றது என்று நம்மை நோக்கி உரைத்த சமயத்தாருள் ஒருசாரார், புறத்தே பொன்னின்மையைத் தம் சபைக்கு வாயிலாக வைத்தது வியப்பேயாம்.

சித்தாந்தம் கூறுவது யாது? மலம் பொன்னில் உறைவதன்று. உயிரை அநாதியே பற்றியது. அஃது அருளால் நீங்குவதன்றிக் கழற்றி வைத்தலால் நீங்குவதன்று. நகையைக் களைந்தவழியும், "யான் களைந்தேன், அவள் களைந்திலள்" என்னும் செருக்கு வெள்ளுடைக்குள்ளே நிமிருமாயின், ஒழிந்தது அணிகலனே. ஆணவம் இருந்தபடியே இருந்தது. உத்தமபாளையத்துத் திருக்குணகிரிப் பாறையிலே தீர்த்தங்கரர் உருவங்கள் அணியின்றி விளங்குகின்றன. உடம்பை ஒறுப்பதில் யார்க்கும் பிற்படாத அச்சமணருங்கூட மாவிரதம் துறவோர்க்கு, அணுவிரதம் இல்லறத்தார்க்கு எனப் பகுத்தனரன்றித் துறவியின் கோலத்தை இல்லாள்மேல் ஏற்றினாரல்லர்.

சைவரும் வேடத்தைப் போற்றுகின்றனரே எனின், உண்மையே. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தைச் சிவமெனவே வழிபடப் பணிக்கின்றது. மெய்ப்பொருள் நாயனார் அவ்வேடத்தின்பொருட்டே உயிர் கொடுத்தார். ஆயின் அது காண்பான் கடமை. பிறரை வலிந்து அணிவித்தற்கு ஆணையன்று. வேடம் நெஞ்சிற்குச் சான்றாகாது என்பதற்கு அவரைக் குத்திய முத்தநாதனே சான்று. கோலமின்மை அன்பின்மைக்குச் சான்றாகாது என்பதற்கோ செருப்படியோடு நின்ற கண்ணப்பர் சான்று.

நம் முற்றத்தையும் நோக்குவாம். 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தனிநீதிபதி ஒருவர், திருக்கோயிற்கு வருவார் இன்ன உடையே உடுத்தல் வேண்டும் என ஆணையிட்டார். 2016 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அதனை, அம்மாதத்திலேயே இருநீதிபதியர் அமர்வு நிறுத்திவைத்தது. அவ்வாணை நின்றதே என்று வருந்துவார் நம்மவருள் இருப்பின், அவர் பெந்தகொஸ்தே மூப்பரைக் குறைகூறற்கு உரியரல்லர். சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர் திருமுன்னர், தோட்டத்து மண் படிந்த உடையோடு வரும் அன்பனை யாம் வாயிலில் நிறுத்துவேமாயின், பிறர் வாயிலைப் பழிக்க நமக்கு நாவுண்டோ?

ஆதலின் இருபாலார்க்கும் எம் உரை ஒன்றே. கோலத்தின் பொருளைக் கற்பியுங்கள். நீவிர் அணிந்து காட்டுங்கள். களைவதாயின் நீவிர் களைந்து காட்டுங்கள். அதனைத் தாழ்க்கோலாக்கி இறைவன் வாயிலை அடைக்க வேண்டா. அவ்வாயில் நும்முடையதன்று.