ஒரே பந்தி

நடிகர் விஜயகாந்த் மறைந்தபோது அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் தேர்தல் கணக்கோடு நின்றுவிட்டார்கள். 2005-இல் கட்சி, 2006-இல் விருத்தாசலத்தில் வெற்றி, 2011-இல் 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி, 2016-இல் பெரும் சரிவு. எல்லாம் உண்மைதான். அந்த 29-இல் எங்கள் பக்கத்துத் திருத்தணியும் கும்மிடிப்பூண்டியும் விருகம்பாக்கமும்கூட உண்டு. ஆனால் அம்பத்தூர்க்காரனான எனக்கு அந்த மனிதரை அளக்க வேறு கணக்கு இருக்கிறது. அது சாப்பாட்டுக் கணக்கு.

எண்பதுகளில் இந்தப் பக்கம் முழுக்க ஷிஃப்டு வாழ்க்கை. டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட்டின் லேத் பட்டறைகள், ஆவடியில் டேங்க் பேக்டரி. முதல் ஷிஃப்டு முடித்தவர்கள் கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு ராக்கி தியேட்டருக்கோ முருகன் தியேட்டருக்கோ மாலைக் காட்சிக்கு ஓடுவார்கள். 1986-இல் ‘ஊமை விழிகள்’, 1990-இல் ‘புலன் விசாரணை’, அடுத்த வருடமே ‘கேப்டன் பிரபாகரன்’. எல்லாவற்றிலும் நாயகன் விஜயகாந்த்: மதுரையில் அரிசி ஆலை வைத்திருந்தவரின் மகன், கறுத்த நிறம், கண் சிவக்கக் கத்தும் குரல். எங்கள் பட்டறையிலேயே அந்தச் சாயலில் நாலு பேர் இருந்தார்கள்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள். அதிகாரிகளுக்கு மேசை விரிப்பு, பீங்கான் தட்டு, பரிமாற ஆள். எங்களுக்கு டோக்கன், பள்ளம் வைத்த தட்டு, நீள வரிசை. இரண்டு கூடத்துக்கும் ஒரே சமையலறைதான். சாம்பார் மட்டும் வேறு வேறு. யாரும் அதை அநியாயம் என்று சொல்லிக் கேட்டதில்லை. உலகமே அப்படித்தான் என்று இருந்தோம்.

அந்த நாளில்தான் கோடம்பாக்கத்திலிருந்து அந்தப் பேச்சு வந்தது: விஜயகாந்த் படப்பிடிப்பில் ஹீரோவுக்கு என்ன சாப்பாடோ அதேதான் லைட்மேனுக்கும். சினிமாவிலும் அதுவரை தரம் பார்த்துத்தான் இலை போட்டார்கள். பெரியவர்களுக்குக் கறி, மீன். கடைநிலை ஆட்களுக்குப் பொட்டலம். அவரும் நண்பர் இப்ராகிம் ராவுத்தரும் அதை மாற்றினார்கள். தி.நகர் ராஜாபாதர் தெருவில் அவர்கள் இருந்த இடத்துக்கு, வாய்ப்புத் தேடி வந்தவர்கள் பசியோடு போய் வயிறு நிறையத் திரும்பிய கதையைச் சொல்ல இன்றைக்கும் சினிமாவில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் கேன்டீன் வரிசையில் நின்றபடி அந்தச் செய்தியைக் கேட்டவர்களுக்கு அது வெறும் சினிமாச் செய்தி இல்லை. ‘ஏன், இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன?’ என்ற கேள்வி அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் வாயில் வந்தது. ஒரு மனிதர் ஒரு காலத்தை உருவாக்கினார் என்றால் எனக்கு அர்த்தம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலில், நெல்லூரிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னை வந்து கொரோனாவில் இறந்துபோன மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊர். எங்கள் மயானம். ஒரு வாரத்துக்குள் நகரத்துக்குள்ளேயே இன்னொரு மருத்துவரின் உடலைப் புதைக்கப் போன ஆம்புலன்ஸ் மீது கல் விழுந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்ட அந்த நேரத்தில், கொரோனாவில் இறப்பவர்களை அடக்கம் செய்ய மாமண்டூரில் இருக்கும் தன் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியைத் தருகிறேன் என்று அறிவித்தவர் விஜயகாந்த். அப்போது அவருக்கே உடல் சரியில்லை. பேச்சும் சரியாக வரவில்லை. அவருடைய அரசியல் முடிவுகளில் எனக்கு ஒப்பாதவை நிறைய உண்டு. அந்த ஒரு அறிவிப்புக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

2023 டிசம்பர் 28 காலை அவர் போனார். மிக்ஜாம் புயல் வெள்ளம் எஸ்டேட் பட்டறைகளுக்குள் புகுந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மோட்டார்களைக் கழற்றிக் காயவைத்துக்கொண்டிருந்த ஆட்கள் மறுநாள் வேலையைப் போட்டுவிட்டுப் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போனார்கள். தீவுத்திடலிலிருந்து கோயம்பேட்டுக் கட்சி அலுவலகம் வரைக்கும் அந்த ஊர்வலம் வந்து சேர இருட்டிவிட்டது. நின்றவர்களில் பாதிப் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். அடக்கம் முடிந்த மறுநாளே கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தார்கள். கொஞ்ச நாளில் கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய மதுரை பஸ்ஸெல்லாம் அங்கே போய்விட்டது.

ஆனால் கோயம்பேட்டுக் கட்சி அலுவலகத்தில் இருக்கும் அவருடைய நினைவிடத்தில் தினமும் மதியம் சோறு போடுகிறார்கள். போன மாதம் போயிருந்தேன். எனக்கு முன்னால் மூட்டை தூக்குபவர் ஒருவர், செக்யூரிட்டி உடுப்பில் ஒரு பெரியவர், பையோடு இரண்டு வடமாநில இளைஞர்கள். கரண்டி பிடித்தவர், “இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்கண்ணே” என்று யாரையும் விடாமல் கேட்டார். அந்த இளைஞர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் இருக்கிறார்களாம், வாராந்திர விடுமுறையாம். எஸ்டேட்டில் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கேட்டுக்கு வெளியே, மரத்தடியில் என்றார்கள். உள்ளே கேன்டீன் இருக்கிறது, அது கம்பெனி ஆட்களுக்கு மட்டும்.